கல்கத்தா டைம்

ஜாதவ்பூர், கல்கத்தா
செப்டம்பர் 8, செவ்வாய், காலை

அன்புள்ள நரேனுக்கு,

வித்யா எழுதுகிறேன். உன் அப்பா, அம்மா, நம் பெண் அக்‌ஷயா, நான் எல்லோரும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீயும் அங்கே நன்றாக இருக்க வேண்டும். எல்லோரும் வழக்கத்துக்காக எழுதுகிற வரி இது. நான் வழக்கத்துக்காக எழுதவில்லை.

பதினோரு வருஷக் கல்யாணத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம், அதுவும் தமிழில். கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த உனக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ‘ழ’ வந்தால் நின்று மூச்சு வாங்குவாய் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு நிமிஷத்தில் கடைசி வரிக்குப் போய்விடுவாய். இதை நீ மெதுவாகத்தான் படிக்க வேண்டும். அங்கே வேறு யாருக்கும் இது புரியாது என்பது இன்னொரு சௌகரியம்.

நம் குழுவிலிருந்து ரஞ்சனா வியாழக்கிழமை நீ இருக்கும் சுரங்க ஆய்வுக்கூடத்துக்கு ஷிஃப்டுக்குக் கிளம்புகிறாள். அவள் கையில்தான் கொடுத்தனுப்பப் போகிறேன். கொடுத்துவிட்டு அவள் உன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்காரச் சொன்னது நான்தான். அவளைப் போகச் சொல்லாதே. அவளுக்குத் தமிழ் தெரியாது, எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. அம்மா கொடுத்தனுப்பும் தட்டையைத் தின்றுகொண்டு சும்மா இருப்பாள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வராமலே போகலாம். அப்படிப் போக வேண்டும் என்றுதான் நேற்றிலிருந்து எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. முடிய வியாழன் விடியும். நான் பயப்படுகிற மாதிரி அது வராவிட்டால் இதைக் கிழித்துப் போட்டுவிடுவேன். நீ இதைப் படிக்கிறாய் என்றால் பயந்தபடியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் தேதி நீ கருத்தரங்கில் முந்நூறு பேர் முன்னால் நின்று உன் முடிவின் வரைபடத்தைக் காட்டப் போகிறாய். அதில் உள்ள மேடு பொய்யோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பொய் என்றால் அது என் கையால் வந்த பொய்.

நான் பிசிக்ஸ் படித்தவள் இல்லை. திருச்சியிலிருந்து சால்ட்லேக் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, உன்னைக் கட்டிக்கொண்டு, கடைசியில் உன் குழுவுக்கே புரோகிராம் எழுத வந்து சேர்ந்தவள். டாகுரியா ஏரிக்கரையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டே நீ சொல்லிக் கொடுத்ததுதான் எனக்குத் தெரிந்த பிசிக்ஸ். பூமிக்குள் எண்ணூறு கிலோமீட்டர் தூரம் நியூட்ரினோக்களை அனுப்புகிறார்கள். போகிற வழியில் அவை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாறுகின்றன. எத்தனை மாறின என்று மறுமுனையில் நீங்கள் எண்ணுகிறீர்கள். பூமி சுற்றுவதால் அந்தக் கற்றை ஒரு நேரம் ஒரு நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்துப் போகிறது, இன்னொரு நேரம் வேறொன்றைப் பார்த்துப் போகிறது. எந்தப் பக்கம் பார்த்துப் போனாலும் எண்ணிக்கை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், வெளிக்கும் காலத்துக்கும் உள்ள அடிப்படைச் சமச்சீர் அதுதான் என்றாய். நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒரு சுற்று முடிக்க இருபத்து மூன்று மணி ஐம்பத்தாறு நிமிஷம். அந்தத் தாளத்தில் எண்ணிக்கை ஏறி இறங்கினால் சமச்சீர் உடைந்தது என்று பொருள். நூறு வருஷப் பாடப்புத்தகத்தைத் திருத்த வேண்டும். இதுவரை தேடின எல்லோருக்கும் தட்டையான கோடுதான் வந்திருக்கிறது. ஆகஸ்டில் உனக்கு மேடு வந்தது. அன்றைக்கு நீ போனில் அழுதாய். நானும் அழுதேன்.

சரி, என்ன நடந்தது என்று சொல்கிறேன். அப்பாவின் சதாபிஷேகத்துக்கு நாள் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பட்டாபி வாத்தியார் வந்திருந்தார். அப்பாவின் ஜாதகத்தை எடுத்துக் கொடுத்தோம். அவர் பிறந்தது நாற்பத்தாறு ஜனவரியில், கிடர்பூரில். மேலே நேரம் எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் க.டை. என்று இருந்தது. நாங்கள் யாரும் அதை இத்தனை வருஷமாகக் கவனித்ததே இல்லை. வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இது கல்கத்தா டைம்னா மாமா. அப்போ இந்த ஊருக்குன்னு தனி டைம் உண்டு. ரயில்வே டைமுக்கு இருபத்து மூணு நிமிஷமும் சொச்சமும் முன்னாடி ஓடும். கிட்டத்தட்ட ஒரு நாழிகை. இதைக் கழிக்காம கணிச்சிருக்காளே, லக்னமே மாறிடறதே” என்றார். அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் கையில் காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். இருபத்து மூன்று நிமிஷம் என்று காதில் விழுந்ததும் தம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் போன மாதம் ஒரு பட்டியலில் அந்த எண்ணைப் பார்த்திருந்தேன். கற்றை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நியூட்ரினோ வந்துகொண்டே இருப்பது போல ஒரு வால். இருபத்து மூன்று நிமிஷ நீளம். ஏதோ சத்தம், கருவியின் கோளாறு என்று ஒதுக்கிவிட்டேன். உன்னிடம் சொல்லக்கூட இல்லை.

குளிர்கால நான்கு மாதம் கற்றையைக் கவனிக்கும் ஷிஃப்டைக் கல்கத்தாவிலிருந்தே பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கற்றை எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று நம் ஆட்கள் இந்த ஊர் நேரத்தில் எழுதினார்கள். அதை உலக நேரத்துக்கு மாற்ற அறுபது வரியில் ஒரு புரோகிராம் நான்தான் எழுதினேன். ஐந்தரை மணியைக் கழி என்று ஒரு வரி போட்டிருந்தால் தீர்ந்தது. நான் அழகாகச் செய்கிறேன் என்று ஊர்ப் பெயரைப் போட்டேன். அந்தப் பெயரின் கீழ் இந்த ஊரின் எல்லாப் பழைய நேரங்களும் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. எந்தத் தேதிக்கு வேண்டும் என்று சரியாகக் கேட்காவிட்டால் எல்லாவற்றிலும் பழசை எடுத்துக் கொடுத்துவிடும். ஐந்து மணி ஐம்பத்து மூன்று நிமிஷம். கல்கத்தா டைம். நம் குழுவில் மூன்று பேர் அந்த வரியைச் சரிபார்த்தார்கள். மூன்று பேரும் இந்த ஊர்க்காரர்கள். நம் ஊர்ப் பெயர்தானே என்று தாண்டிப் போய்விட்டார்கள்.

அக்‌ஷயாவுக்குச் சொல்கிற மாதிரி எனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நம் தெருவில் காலை ஆறிலிருந்து எட்டு வரை கார்ப்பரேஷன் தண்ணீர். குடம் நிறைந்த நேரத்தை ஒருத்தி சரியான கடிகாரம் பார்த்து எழுதுகிறாள். குழாய் திறந்து மூடின நேரத்தை இன்னொருத்தி இருபத்து மூன்று நிமிஷம் பின்தங்கின கடிகாரம் பார்த்து எழுதுகிறாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மூடின குழாயில் தண்ணீர் கொட்டின மாதிரி இருக்கும். அதிசயம் என்று ஊரே கூடும். வருஷம் முழுக்க இந்தத் தப்பு நடந்திருந்தால் எல்லா நட்சத்திரத்துக்கும் பரவிக் கரைந்து போயிருக்கும். நான்கே மாதம் என்பதால் வானத்தின் ஒரே பக்கத்தில் குவிந்து மேடாகி நிற்கிறதோ என்னவோ. அதைத்தான் அந்தக் கம்ப்யூட்டர் இப்போது சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 9, புதன், மத்தியானம்

கணக்கு இன்னும் ஓடுகிறது. காலையிலிருந்து மழை. 8பி பஸ் ஸ்டாண்டு பக்கம் பூஜைப் பந்தலுக்கு நட்ட மூங்கிலெல்லாம் தண்ணீரில் நிற்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அக்‌ஷயா பெங்காலிக் கட்டுரையில் முதல் மார்க். தமிழ் எழுதச் சொன்னால் மட்டும் தலைவலி என்கிறாள், அப்பனைக் கொண்டிருக்கிறாள்.

நேற்று நீ மூன்று தடவை போன் செய்தாய். மூன்று தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். முதல் தடவை, புதுச் சட்டை வாங்கினேன், நீலம், பதினெட்டாம் தேதிக்கு என்றாய். இரண்டாவது தடவை சும்மா சிரித்துக்கொண்டிருந்தாய். மூன்றாவது தடவை என் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி என்றேன். எனக்குச் சளி இல்லை.

ஏன் போனில் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். உன்னுடைய “டீக் ஆச்சே”வுக்குப் பயந்துதான். சந்தோஷமாக இருந்தால் அரைகுறைத் தமிழிலாவது வளவளவென்று பேசுவாய். கோபம் வந்தால் ஆங்கிலம். உள்ளே ஏதாவது உடைந்தால் மட்டும் பெங்காலிக்குப் போய், டீக் ஆச்சே, சரி, பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் முதல் கட்டுரையில் பிழை இருக்கிறது, அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று முடிவான அன்று காலை பத்து மணிக்கு அப்படித்தான் என்னிடம் சொன்னாய். டீக் ஆச்சே வித்யா. அதற்கப்புறம் சாயங்காலம் ஐந்தரை வரை உன் போன் அணைந்திருந்தது.

அந்த நாளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நான் கேட்டதில்லை, நீ சொன்னதில்லை. சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் கடைசியில், கூரை முடிந்து ரயில் யார்டு ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு சிமெண்டு பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். அங்கே தண்டவாளம் மாற்றும் ஒரு பாயிண்ட்ஸ்மேன்தான் உன் பையில் என் நம்பர் இருந்த அட்டையைப் பார்த்து எனக்குப் போன் செய்தார். அண்ணா மத்தியானத்திலிருந்து இங்கேயே இருக்கிறார், கூப்பிட்டால் பதில் இல்லை, நீங்கள் வந்து அழைத்துப் போங்கள் என்றார். நான் வந்ததும், ஏரிக்குப் பறவை பார்க்க வந்தேன் என்று சொன்னாய். சரி என்று கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். டாக்சியில் பாலம் தாண்டும் வரை உன் கையை விடவில்லை. நரேன், அது ஜூன் மாதம். சாந்த்ராகாச்சி ஏரிக்குப் பறவை வருவது டிசம்பரில்.

அதனால்தான் பயமாக இருக்கிறது. வேலை போய்விடுமோ என்றில்லை. குழுவில் என்ன பேசுவார்களோ என்றும் இல்லை. போன மாதம் நீ, இதுவும் போனால் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை வித்யா என்று சொன்னாயே, விளையாட்டுக்குச் சொல்கிற மாதிரி, அதற்குத்தான். நீ சுரங்கத்துக்குள் ஷிஃப்டில் இருக்கும் எட்டு மணி நேரமும் நான் அனுப்பும் செய்தியில் ஒற்றை டிக் மட்டும் இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று குக்கர் விசில் அடித்ததற்குத் திடுக்கிட்டு ரசத்தைக் கொட்டிவிட்டேன். அம்மா துணியை எடுத்துத் துடைத்தாள்.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமலே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். ஒரு முழு நாள் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். வேறு யாராவது கண்டுபிடிக்க ஒரு வருஷமாவது ஆகும். அந்த ஒரு வருஷம் நீ நீலச் சட்டை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பாய். அப்பா லேக் மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டார், கறிகாய்க்காரர் வரைக்கும் தெரியும். “என் பிள்ளை கண்டுபிடிச்சதை இனிமே ஸ்கூல்லயே சொல்லிக் குடுப்பா” என்கிறார். அந்த ஒரு வருஷத்தை உனக்குக் கொடுத்துவிடலாம் என்று இருந்தது. அப்புறம் யோசித்தேன். என்றைக்கோ ஒரு நாள் யாரோ ஒரு அந்நியன் அதைக் கண்டுபிடித்து, உனக்கு ஒரு மெயில் அனுப்புவான். அப்போது நான் உன் பக்கத்தில் இருப்பேனோ மாட்டேனோ. உன் எதிரில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? அந்த நினைப்பு வந்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 10, வியாழன், காலை

முடிந்துவிட்டது நரேன். ஏழரை மணிக்குப் பார்த்தேன். ஊர்ப் பெயர் இருந்த வரியை எடுத்துவிட்டு ஐந்தரை மணி என்று போட்டதும் மேடு இல்லை. தட்டையான கோடு. இரண்டு தடவை பார்த்தேன், மூன்றாவது தடவை பக்கத்து மேஜைப் பையனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. பிளாட்டாக இருக்கிறது என்றான்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் அது எனக்கே சின்னதாகத் தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு. ஆறு வருஷமாக நீ தேடினதை அறுபது வரியில் உனக்குக் காட்டி, அறுபது வரியில் பிடுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. அப்பா பேப்பர் எடுக்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான்தான் ஏதாவது பேச வேண்டுமே என்று, அந்த லக்ன விஷயம் என்னப்பா ஆச்சு என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நாலு நாளா யோசிச்சேன்மா. எம்பது வருஷமா வேற எவனோட ஜாதகத்தையோ வெச்சுண்டு ஜீவிச்சிருக்கேன். கஸ்டம்ஸ்ல வேலை கெடைச்சுது, உங்க அம்மா கெடைச்சா, நரேன் பொறந்தான். ஒண்ணும் குடிமுழுகிப் போகலையே” என்றார். அப்புறம் பேப்பரை மடித்துக்கொண்டே, “அவன் நன்னா இருக்கானோல்லியோ” என்று கேட்டார். இருக்கான் என்றேன். நான் சொன்னது பொய் இல்லையே? இல்லை என்று நீதான் சொல்ல வேண்டும்.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். திங்கட்கிழமை நம் ஊர் நேரம் காலை பத்து மணிக்கு நான் குழுத் தலைவருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பப் போகிறேன். அதற்கு முன்னால் நீயே எழுதினால் நல்லது, நீயே கண்டுபிடித்து நிறுத்தியதாக இருக்கும். பிழை யாருடையது என்று கேட்டால் என் பெயரை எழுது, ஒரு எழுத்தும் குறைக்காமல் வித்யாலக்ஷ்மி என்று எழுது. என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. பதினெட்டாம் தேதி உன்னால் முடிந்தால் போய் நின்று தட்டைக் கோட்டைக் காட்டு. முடியாவிட்டால் வேண்டாம், விமானம் ஏறி வந்துவிடு. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். லேக் மார்க்கெட்டிலும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

நேற்றைக்கு ஒன்று நடந்தது. எழுத வேண்டாம் என்று இருந்தேன், எழுதிவிடுகிறேன். நீ ஷிஃப்டில் இருந்தாய். அக்‌ஷயா உனக்கு இரண்டு தடவை போன் செய்து கிடைக்காமல், என் பக்கத்தில் வந்து நின்றாள். “மா, பாபா போன் எடுக்கலேன்னா நாம சாந்த்ராகாச்சி போய்ப் பார்க்கலாமா” என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு ஆறு வயசு நரேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். பாபா இப்போ ரொம்ப தூரத்தில் இருக்கார், சாந்த்ராகாச்சியில் இல்லை என்றேன். அப்படின்னா அங்கே யார் போய்ப் பார்ப்பா என்றாள். ரஞ்சனா ஆன்ட்டி போறா என்று சொன்னேன்.

ரஞ்சனா டாக்சியோடு கீழே வந்துவிட்டாள், ஹாரன் அடிக்கிறாள். அம்மா தட்டை டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். இதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

படித்து முடித்ததும் எனக்குப் போன் செய். எந்த நேரமானாலும் சரி. என்னைத் திட்டு. எந்த பாஷையிலாவது திட்டு, கத்து, அழு. டீக் ஆச்சே என்று மட்டும் சொல்லாதே. சொன்னாலும் போனை வைக்காதே, அப்படியே பிடித்துக்கொண்டிரு. ரஞ்சனா எழுந்து போக மாட்டாள், நான் போனை வைக்க மாட்டேன்.

டிசம்பரில் ஏரிக்குப் பறவை வந்துவிடும். அக்‌ஷயாவுக்கு நீ காட்டுவதாகச் சொன்னாய், இன்னும் காட்டவில்லை. மூன்று பேரும் சேர்ந்து சாந்த்ராகாச்சிக்குப் போவோம், பறவை பார்க்க. அதற்கு நீ வர வேண்டும் நரேன். நீ வந்தால் போதும்.

உன்,
வித்யா